வீட்டுக்குப் போடும் காசு விலையில் திரும்புமா?

கேள்வி: கொக்குவில் கிழக்கில் எங்கள் அம்மாவின் சீதன வளவில், 1968 இல் அப்பா கட்டிய கல்வீடு. 1,400 சதுர அடி. சுண்ணாம்புக்கல் சுவர், பனை வளை (கூரையைத் தாங்கும் உத்திரம்), ஓட்டுக்கூரை. காணி, எங்கள் யாழ்ப்பாண அளவில், இரண்டரைப் பரப்பு. ஒன்பது அடி ஒழுங்கையின் கடைசி வளவு எங்களுடையது. 2012 இல் அம்மா எனக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதித் தந்தார். நானும் கணவரும் இப்போது இதில் இருக்கிறோம். இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிட்டு கொழும்பில் மகளோடு போய் இருக்க யோசனை. விற்பதற்கு முன் வீட்டைத் திருத்தச் சொல்லித் தம்பி 60 இலட்சம் அனுப்பத் தயாராக நிற்கிறான். கொந்திராத்துக்காரர், "அறுபது போட்டால் விலை ஒரு கோடி இருபது கூடும்" என்கிறார். புறோக்கர், இப்படியே விட்டாலும் இரண்டு கோடி போகும் என்கிறார். வங்கி மதிப்பீட்டாளர் 125 இலட்சம் என்று எழுதிவிட்டுப் போனார். எங்கள் ஒழுங்கையில் போன வருடம் வெறும் காணி பரப்பு 35 இலட்சத்துக்கு விற்றது. இந்த வருடம் அதே ஒழுங்கையில் 2 பரப்புக் காணியோடு 1,200 சதுர அடிப் பழைய வீடு 115 இலட்சத்துக்குப் போனது. பக்கத்துப் பதினைந்து அடி வீதியில் திருத்திய வீடு ஒன்று, 2 பரப்பு, 1,500 சதுர அடி, 175 இலட்சம். அந்த வீதியில் வெறும் காணி பரப்பு 45 என்கிறார்கள். யாருடைய கணக்கை நம்புவது? இன்னொன்று: சாமியறைச் சுவரை இடித்து மண்டபத்தைப் பெரிதாக்கி, குசினியையும் திறந்துவிடலாம் என்று கொந்திராத்துக்காரர் சொல்கிறார். மனம் வரவில்லை. செய்யலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்)

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

மூன்று பேர் மூன்று தொகை சொல்கிறார்கள் என்று குழம்பிப்போய் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மூவரும் ஒரே விடயத்தைப் பற்றிப் பேசவில்லை. வங்கிக்காரர் பார்த்தது, கடன் கட்டாமல் விட்டால் அவசரமாக விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதை. அது சந்தை விலையை விடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படி எழுதுவதுதான் அவருடைய வேலை. புறோக்கர் சொன்னது, விற்பனையைத் தன் கைக்கு எடுப்பதற்கான தொகை. இரண்டு கோடி என்று கேட்டதும் மனம் அவர் பக்கம் சாயும். பிறகு ஆறு மாதம் கழித்து, "ரீச்சர், இப்ப சந்தை கொஞ்சம் இறங்கிப்போச்சு" என்று வருவார். கொந்திராத்துக்காரருக்குத் தெரிந்தது செலவுக் கணக்கு. தான் போடும் ஒவ்வொரு சீமெந்துப் பையும் விலையில் இரட்டிப்பாகத் திரும்பும் என்று அவர் உண்மையாகவே நம்பலாம். ஆனால் வாங்க வருகிறவர் உங்கள் செலவுச் சிட்டையைப் பார்த்துக் காசு தருவதில்லை. அதே காசுக்கு அக்கம்பக்கத்தில் வேறு என்ன கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்.

ஆகவே நம்ப வேண்டியது நீங்களே விசாரித்து எழுதியிருக்கும் அந்த நான்கு விலைகளை. வீடும் காணியும் மதிப்பிடும் என் தொழிலில் பாதி வேலை அதுதான். மீதியை உங்கள் கடிதத்தை வைத்தே செய்து காட்டுகிறேன். கையில் ஒரு பேனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காணியையும் வீட்டையும் பிரியுங்கள். யாழ்ப்பாணத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் இங்கே விலையின் பெரும்பகுதி மண்ணில்தான் இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் விற்ற பழைய வீட்டை எடுங்கள். மொத்தம் 115 இலட்சம். 2 பரப்பு, பரப்பு 35 என்றால் காணி 70 இலட்சம். மீதி 45 இலட்சம் வீட்டுக்கு. 1,200 சதுர அடியால் பிரித்தால் சதுர அடிக்கு 3,750 ரூபாய். திருத்தாத பழைய வீட்டுக்கு உங்கள் ஒழுங்கையில் சந்தை கொடுக்கும் விலை இது. இப்போது உங்களுடையது: இரண்டரைப் பரப்பு 87.5 இலட்சம், வீடு 1,400 சதுர அடிக்கு 52.5 இலட்சம். கூட்டினால் 140 இலட்சம். இன்றைய நிலையில் உங்கள் வீட்டின் பெறுமதி இதைச் சுற்றித்தான் நிற்கும்.

அடுத்தது பதினைந்து அடி வீதியில் விற்ற திருத்திய வீடு. 175 இலட்சத்தில் காணி இரண்டு பரப்பு, பரப்பு 45 வீதம் 90. வீட்டுக்கு மிஞ்சுவது 85 இலட்சம். 1,500 சதுர அடியால் பிரியுங்கள். 5,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ரைல்ஸ், சீலிங், அற்றாச் பாத்ரூம் எல்லாம் போட்ட வீட்டுக்கு உங்கள் அயலில் கிடைத்தது அவ்வளவுதான். அதை உங்கள் 1,400 சதுர அடிக்குப் போட்டால் ஏறக்குறைய 80 இலட்சம். காணியோடு சேர்த்து 167.5 இலட்சம்.

140 இலிருந்து 167.5. கூடியது 27.5 இலட்சம். போடப்போவது 60.

இதை எழுத எனக்குச் சந்தோசம் இல்லை. தம்பி அங்கே குளிருக்குள் வேலை செய்து சேர்த்த காசு அது. அதனால்தான் தெளிவாகச் சொல்கிறேன்: அவர் அனுப்பும் தொகையில் பாதிக்கு மேல் விற்பனை விலையில் திரும்பி வராது. நீங்கள் பத்து வருடம் அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது கணக்கை விட்டுவிட்டு மனதுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்றிருப்பேன். இரண்டு மூன்று வருடத்தில் விற்கப்போகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வீடு போதாது. இன்னும் இரண்டு மூன்று விற்பனையாவது தேடுங்கள். ஆடியபாதம் வீதிப் பக்கம், தலையாழிப் பக்கம், அப்படி நடந்து போகும் தூரத்துக்குள். உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எழுதிய தொகையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். முத்திரை வரிக்குப் பயந்து கைமாறிய தொகையைவிடக் குறைத்து எழுதும் பழக்கம் இங்கே இருக்கிறது. விற்றவரிடமோ வாங்கியவரிடமோ நேரே கேளுங்கள். நீங்கள் படிப்பித்த பிள்ளைகள்தானே அயலெல்லாம், சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு உள்ளே நடந்த விற்பனைகளாக இருக்கட்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது சீமெந்து, கம்பி, ரைல்ஸ் எல்லாம் எங்கேயோ ஏறின. அதற்கு முந்திய விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வளவு என்பதற்காகக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனவர் யாரும் இருந்தால் அந்த விற்பனையையும் கழித்துவிடுங்கள். அவர் கொடுத்தது நினைவுக்கான விலை. அடுத்தவர் அதைக் கொடுக்க மாட்டார். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒற்றை எண் வராது. திருத்திய பிறகு 155 க்கும் 178 க்கும் இடையில் என்று சொல்லத்தான் எனக்குத் துணிவு வரும்.

சரி, அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விற்பதா? அதுவும் இல்லை. அறுபதையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதுதான் பிழை. அதற்குள் நன்றாகத் திரும்பிவரும் வேலையும் இருக்கிறது, வராத வேலையும் இருக்கிறது.

பழைய கல்வீடு பார்க்க வருகிறவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். கூட வரும் மேசன் சுவரின் அடியைத் தட்டிப் பார்ப்பார். கூரையும் சுவரடியும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பேரம். பனை வளை வைரம் பாய்ந்ததாக இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்; பெரும்பாலும் கறையான் தின்றிருப்பது ஓடுகளைத் தாங்கும் மெல்லிய சலாகையைத்தான். நல்ல ஓடாவியார் (தச்சர்) ஒருவரைக் கூட்டிவந்து ஓடுகளைக் கழற்றி, பழுதான சலாகையை மாற்றி, உடைந்த ஓடுகளை மட்டும் புதிதாக்கித் திரும்ப வேயச் சொல்லுங்கள். ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரச் சீற் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர் திரும்பி வர மாட்டார்.

சுவரடி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் கூடுதலான காசு வீணாகிறது. உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நிலத்து ஈரம் அதற்குள் ஏறும், பிறகு தானாகவே வெளியேறிக் காயும். அறுபது வருடமாக அப்படித்தான் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் இறுக்கமான சீமெந்துப் பூச்சையும் அதற்கு மேலே ரைல்ஸையும் ஒட்டினால் ஈரம் உள்ளே அடைபடும். எங்கள் நிலத்து நீரில் உப்பு இருக்கிறது. அது ஈரத்தோடு மேலே ஏறி, ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சுக்குப் பின்னால் பூத்து, பூச்சைத் தள்ளி விழுத்தும். நீங்கள் விற்கப்போகும் நேரமும் அதுதான். ஆகவே உப்புப் பூத்த இடத்தில் பழைய பூச்சை இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, காயவிட்டு, சுண்ணாம்புக் கலவையாலேயே திரும்பப் பூசச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் கோண்டாவில், இணுவில் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். விசாரித்தால் கிடைப்பார்கள்.

அப்புறம் வயறிங். 68 இல் கட்டிய வீட்டின் வயறிங்கை மாற்றாமல் யாரும் பிள்ளைகளோடு குடிவர மாட்டார்கள். இரண்டாவது பாத்ரூம் ஒன்றும் வேண்டும், அதை வீட்டோடு சேர்த்து. மலக்குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி வையுங்கள். எங்கள் நிலத்தின் கீழே சுண்ணாம்புப் பாறை, அதில் வெடிப்பும் குகையுமாக இருக்கும். அழுக்கு நீர் நினைப்பதைவிட வேகமாகக் கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. தாழையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் திட்டம் 2024 இல் தொடங்கிய பிறகும் கிணற்றைப் பார்க்காமல் முடிவெடுப்பவரை நான் இங்கே காணவில்லை. நீர் வழங்கல் சபையில் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை எடுத்து வையுங்கள். செலவு சொற்பம், வருகிறவர் கையில் கொடுக்க அதைவிட நல்ல கடதாசி கிடையாது.

இந்த நான்கு வேலையும், கடைசியில் ஒரு வெள்ளைப் பெயின்ற்றும். உங்கள் கொந்திராத்துக்காரரின் விலையிலேயே 20 இலட்சத்துக்குள் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவும் செய்தால் வீட்டின் விலை சதுர அடிக்கு 3,750 இலிருந்து 5,000 வரை போகும் என்பது என் மதிப்பு. அதாவது 70 இலட்சம்; 17.5 இலட்சம் கூடுகிறது. போட்டது கிட்டத்தட்ட அப்படியே திரும்புகிறது, வீடும் கெதியாக விலைப்படும். மீதி 40 இலட்சத்தைச் சீலிங்குக்கும் இத்தாலி ரைல்ஸுக்கும் குசினிக் கபேட்டுக்கும் போட்டால் 70 ஐ 80 ஆக்கும். நாற்பது போட்டுப் பத்து எடுப்பது.

இதையெல்லாம் விடப் பெரிய விடயம் ஒன்றை நீங்கள் கடிதத்தில் ஒரு வசனத்தில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஒன்பது அடி ஒழுங்கை.

உங்கள் எண்களையே பாருங்கள். ஒழுங்கைக்குள்ளே பரப்பு 35, பதினைந்து அடி வீதியில் 45. இரண்டுக்கும் இடையில் நடந்தால் ஐந்து நிமிடம் இருக்காது. ஒரே மண், ஒரே தண்ணீர். பரப்புக்குப் பத்து இலட்சம் வித்தியாசம் வருவது பாதையால். உங்கள் இரண்டரைப் பரப்புக்கு அது 25 இலட்சம். இன்று வீடு பார்க்க வருகிறவரின் முதல் கேள்வி, "கார் உள்ளே போகுமா?" என்பதுதான். ஒன்பது அடியில் கார் எப்படியோ நுழையும், வளைவில் மதிலை உரசும். கல்லும் மணலும் கொண்டுவரும் லொறி ஒழுங்கை வாயில் கொட்டிவிட்டுப் போகும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் உள்ளே வரச் சிரமப்படும். இது எதையும் ரைல்ஸால் மறைக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் உரும்பிராய்ப் பக்கம் ஒரு குடும்பம் இப்படியே கேட்டு வந்தது. அவர்கள் வீட்டைத் தொடவில்லை. ஒழுங்கைக்கு இரு பக்கமும் இருந்த ஐந்து வீட்டுக்காரரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் விறாந்தையில் கூப்பிட்டு இருத்தி, ஆளுக்கு ஒன்றரை அடி விட்டால் எல்லோருடைய காணியும் விலை ஏறும் என்று எடுத்துச் சொன்னார்கள். உடைக்கும் மதிலைத் திரும்பக் கட்டும் செலவைத் தாங்களே ஏற்றார்கள். ஒருவர் மூன்று மாதம் மறுத்தார். அவருடைய மகளின் திருமணத்துக்குப் பந்தல்காரரின் வாகனம் உள்ளே வர முடியாமல் நின்றபோது அவரே வந்து சம்மதம் சொன்னார். இன்று அது பன்னிரண்டு அடிப் பாதை.

எங்கள் ஊரில் எல்லைச் சண்டை எவ்வளவு பழையது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் பேசாமல் இருந்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அந்த ஒழுங்கையில் ரீச்சர். நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். பன்னிரண்டு அடி கிடைத்தால் முழுப் பத்து இலட்சத்தையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அந்தப் பதினைந்து அடி வீதி இரு பக்கமும் திறந்தது, உங்களுடையது முட்டு ஒழுங்கை. பரப்புக்கு நான்கு இலட்சம் என்று அடக்கமாகவே வைப்போம். 10 இலட்சம் கூடும். நில அளவை, உறுதி, மதில் எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு இலட்சம் போகலாம். இப்போது கூட்டுங்கள்: காணி 97.5, வீடு 70. 167.5 இலட்சம். அறுபது இலட்சம் போட்டு எட்டப்போன அதே தொகையை இருபத்து நான்கோடு எட்டிவிடுகிறீர்கள்.

வாய்ப் பேச்சோடு நிறுத்த வேண்டாம். நில அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, நொத்தாரிசிடம் வழியுரிமையை உறுதியில் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். மதிலை மட்டும் தள்ளிக் கட்டிவிட்டுக் கடதாசி இல்லாமல் விட்டால் அடுத்த தலைமுறை திரும்ப வேலி போடும்.

கடதாசி என்றதும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர் வங்கிக் கடன் எடுக்கிறார் என்றால் வங்கியின் சட்டத்தரணி பழைய உறுதியில் இருந்து பார்த்துக்கொண்டு வருவார். 1995 போர்க்கால இடம்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் மூல உறுதி தொலைந்தது. உங்களிடம் அம்மாவின் சீதன உறுதி இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். உறுதியில் உள்ள பரப்பும் குழியும் நிலத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பரப்புக்கு 18 குழி. இரண்டரைப் பரப்பு என்று எழுதிய வளவு அளக்கும்போது இரண்டு பரப்பு நாலு குழியாக நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஐந்து குழி குறைந்தால் உங்கள் விலையில் கிட்டத்தட்ட பத்து இலட்சம் போய்விடும். புதிய பாத்ரூமுக்குப் பிரதேச சபையில் பிளான் அனுமதி எடுங்கள், முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் எடுங்கள். அனுமதியில்லாத கட்டடப் பகுதியை வங்கி மதிப்பில் சேர்க்கத் தயங்கும்.

தம்பி பாதிச் சொந்தக்காரர் என்பதால் விற்கும்போது அவருடைய ஒப்பமும் வேண்டும். வர முடியாவிட்டால் ஒட்டாவாவில் உள்ள உயர் ஸ்தானிகராலயத்திலோ ரொறொன்ரோ துணைத் தூதரகத்திலோ அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். உங்கள் பங்கை விற்பதற்கு, தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி என்ற வகையில், 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் தேவை. சும்மா ஒரு ஒப்பம்தான், ஆனால் அது இல்லாத உறுதி பிறகு வில்லங்கமாகும்.

இன்னொரு விடயம், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். வீடு சரிபாதி. திருத்தக் காசு முழுக்கத் தம்பியுடையது. விற்ற பிறகு அந்தக் காசை முதலில் அவருக்குத் திருப்பிவிட்டு மீதியைப் பிரிப்பதா, அல்லது கூடிய விலையை மட்டும் அவருக்குக் கொடுப்பதா? நீங்கள் இருவரும் ஒற்றுமையானவர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஒற்றுமையாக இருக்கும்போதுதான் இதை எழுதி வைக்க வேண்டும். அதற்காகவே, ஒரு கல்லைப் பெயர்க்கும் முன் பட்டய மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு படங்களோடு ஒரு அறிக்கை எடுங்கள். திருத்த முன் இந்த வீடு இவ்வளவு பெறும் என்று அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அதே ஆளைக் கொண்டு இன்னொன்று. இரண்டு அறிக்கையும் இருந்தால் மூன்று வருடத்துக்குப் பிறகு யாருக்கும் யாரோடும் முகம் சுளிக்க வேண்டி வராது.

செலவுப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. உங்களுடையதைப் போல் முன்பே கையில் இருந்த ஆதனத்துக்கு 2017 செப்டெம்பர் 30 அன்றைய சந்தைப் பெறுமதியே அடிப்படை. வீட்டை மேம்படுத்திய செலவையும் அதோடு சேர்க்கலாம், ஆனால் சீட்டு இருந்தால்தான். இலங்கையில் வதிகிற நீங்கள் கடைசி மூன்று வருடத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது அந்த வீட்டிலேயே வாழ்ந்திருந்தால் உங்கள் பாதிக்கு விலக்குக் கேட்க இடமிருக்கிறது. ஆகவே விற்பதற்கு நெடுநாள் முன்பே வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடாதீர்கள். தம்பிக்கு அந்த விலக்குக் கிடைக்காது. அவர் பங்குக்கு ஒரு வரி ஆலோசகரோடு பேசட்டும்.

யார் வாங்குவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் காசு வந்து கொட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணியை விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவர் சித்தப்பாவின் பெயரில் எழுதலாம் என்று வந்தால், முற்பணம் வாங்கும் முன் உங்கள் நொத்தாரிசோடு பேசுங்கள். உங்கள் வீட்டுக்கு உண்மையான ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்: போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்கிறவர்கள், கொக்குவில் இந்துவில் பிள்ளையைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள். சம்பளத்தில் கடன் எடுத்து வாங்குகிற இவர்கள் 160 இலட்சத்து வீட்டுக்கு முத்திரை வரியாக மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அவர்களால் எட்ட முடிகிற தொகைக்குள் உங்கள் விலை இருக்க வேண்டும்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருந்தால் நல்லது. இந்தக் கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது, முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறியுங்கள். தை பிறந்ததும் நில அளவையும் ஒழுங்கைப் பேச்சும். கூரை வேலை மாசி, பங்குனிக்குள். பெயின்ற்றை மட்டும் விற்பதற்கு இரண்டு மாதம் இருக்கும்வரை தள்ளிப் போடுங்கள். இப்போது அடித்தால் விற்கும்போது திரும்ப அடிக்க வேண்டி வரும்.

கடைசியாகச் சாமியறை. இடிக்க வேண்டாம் ரீச்சர். மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கணக்கும் உங்கள் மனதோடுதான் நிற்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் நடுச்சுவரில்தான் வளை வந்து குந்தும். அதை எடுத்தால் கொங்கிறீற் வளை போட்டுத் தாங்க வேண்டும், அதற்கே பல இலட்சம். திறந்த குசினிக்கு இங்கே யாரும் கூடுதல் விலை தந்ததை நான் காணவில்லை. மீன் பொரிக்கிற மணமும் தூள் வறுக்கிற காரமும் மண்டபம் முழுக்க நிற்கும் என்று வீடு பார்க்க வரும் அம்மாமாரே சொல்லிவிடுவார்கள். கிழக்குப் பார்த்த சாமியறை எங்கே என்று தேடிப் பார்க்கிறவர்களும் அவர்கள்தான். கதவுக்கு எண்ணெய் போட்டு, உள்ளே வெள்ளை அடித்து, விளக்கு மாடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.